நடுவில் மட்டும் சில்லென்று

கம்பெனி விருந்தினர் விடுதிச் சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு வந்து உட்கார்ந்த நாள் முதல் அங்கே சமைக்கிற அஞ்சம்மாளுக்கு அதனிடம் பயம்தான். கம்பெனிக்கு மெஷின் பொருத்த வந்த ஜெர்மன்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. கண்ணாடிக் கதவுக்குள் விளக்கு எரியும், உர்ரென்று சத்தம் வரும், மணி அடித்தால் உள்ளே ஆவி பறக்கும். கும்மிடிப்பூண்டியிலேயே இது ஒன்றுதான் என்று மேற்பார்வையாளர் பச்சையப்பன் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார்.

அன்று சாயங்காலம் கேஸ் தீர்ந்துபோனது. முதல் நாள் மிஞ்சிய கோழிக்குழம்பு ப்ரிட்ஜில் இருந்தது. பகலெல்லாம் கரண்ட் இல்லாமல் அப்போதுதான் வந்திருந்ததால் அதுவரை ப்ரிட்ஜ் வெறும் அலமாரியாகத்தான் நின்றிருந்தது.

“ஊட்டுக்கு எடுத்துக்கினு போ, அஞ்சம்மா. நாளைக்கு ஒன் ஊட்டுக்காரனுக்கு பர்மனென்ட் வேலைக்கு இன்டர்வியூ ஆச்சே. தெம்பா வரட்டும்,” என்றார் பச்சையப்பன்.

“ஊட்ல வெறகெல்லாம் மழையில நனஞ்சி கெடக்குதுங்க.”

“அந்தப் பொட்டியில சுட வெச்சிக்கோ. இன்னா, கடிச்சிடுமா ஒன்ன?”

கண்ணாடிக் கிண்ணத்தோடு உள்ளே வைத்தாள். நேற்றைய குழம்பில் கரண்டி போட்டால் ஊசிப்போகும் என்பது அவள் புகுந்த வீட்டுப் பழக்கம். அடியில் தீ எரிந்தால் குழம்பு தானே புரண்டு கொதிக்கும். இந்தப் பெட்டியில் அடியில் தீ இல்லை என்பது அவளுக்கு உறைக்கவில்லை. ஓரமெல்லாம் குமிழ் வெடித்தது. கிளறாமலே, போதுமென்று எடுத்துவிட்டாள்.

வீட்டில் ஓரத்துக் குழம்பை மகள் கிரேஸுக்கும் தனக்கும் ஊற்றிக்கொண்டாள். நடுவில் இருந்த தொடைக்கறி இரண்டும் புருஷன் பாக்கியநாதனுக்கு. கல்யாணமான நாளாக அவன் அதே கம்பெனியில் காண்ட்ராக்டில் மூட்டை தூக்குகிறவன்.

“எப்டிய்யா கீது?”

“நல்லாத்தான் கீது. நடுவுல மட்டும் சில்லுனு இருந்துச்சி. ஆசையா எடுத்து வெச்சிக்கீற, வேணாம்னா சொல்லுவாங்க?” என்று சிரித்தான்.

விடியும்போது அவன் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தான். கொல்லைக்குப் போய்ப் போய்க் கால் துவண்டிருந்தது. அவளுக்கும் மகளுக்கும் ஒன்றுமில்லை. சில்லென்று இருந்தது என்று அவன் சொன்னது அப்போதுதான் அவள் நெஞ்சில் இடித்தது. சலவைச் சட்டையைப் போட்டுவிட்டு எழுப்பினாள், வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“நீ போய் சொல்லு, அஞ்சம்மா. நாளைக்கு வரேன்னு.”

கம்பெனி கேட்டுக்கு ஓடினாள். “ஆளு வரணும்மா. சேதி வந்தா வேலை குடுப்பாங்களா?” என்றான் வாட்ச்மேன்.

இன்டர்வியூ எடுக்கும் அதிகாரிகளுக்கு மத்தியானச் சாப்பாடு அவள் கையால்தான். பச்சையப்பனிடம் போய் அழுதாள்.

“நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கய்யா.”

“இன்னான்னு சொல்ல? ப்ரிட்ஜில கெட்ட கறியக் குடுத்து அனுப்பிச்சோம்னா? ஒன் வேலையும் பூடும், என் வேலையும் பூடும். மூஞ்சியத் தொடச்சிக்கினு ஓட்டல்ல வாங்கியாந்த குழம்ப சுட வைம்மே.”

கேஸ் இன்னும் வரவில்லை. கிண்ணத்தைப் பெட்டியில் வைத்தாள். பாதியில் கதவைத் திறந்து கரண்டியால் அடிவரை கிளறினாள். மறுபடி வைத்தாள், மறுபடி கிளறினாள். நடுவில் விரலை விட்டுப் பார்த்தாள். சுட்டது.

“யாரோ பாக்கியநாதனாம், வரவே இல்ல,” சாப்பாட்டு மேஜையில் அதிகாரி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். “இவங்களுக்கெல்லாம் அக்கறையே கிடையாது சார். அடுத்த ஆளைப் போட்டுட்டேன்.”

அஞ்சம்மாள் அவர் இலையில் குழம்பை ஊற்றினாள்.

“நல்லா சூடா இருக்கே,” என்றார் அவர். “இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா.”

ஊற்றினாள்.