பங்காருவின் குரல் போய்ச் சேர்ந்த விதம்

கோவை மத்திய சிறையில் நான்கு ஆண்டு இருந்துவிட்டு 2018 வைகாசியில் சூலூருக்குத் திரும்பிய பங்காருவின் குரல், அவருடைய மகள் பூஜிதா ஒருத்தியின் காதில்தான் விழவில்லை. மனைவி அம்புஜத்துக்குக் கேட்டது, பக்கத்து வீட்டாருக்குக் கேட்டது, தெருநாய்கூடத் திரும்பிப் பார்த்தது. அந்த வீட்டில் அப்பாவை நாயனா என்பார்கள். வாசலில் நின்று, "நாயனா வந்துட்டேன் கண்ணு" என்று அவர் சொன்னபோது, ஏழு வயதுப் பெண் அவர் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சரவணம்பட்டியில் ஒரு காது டாக்டர் சோதித்து, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். குடித்துவிட்டு டெம்போ ஓட்டி, சைக்கிளில் போன தறிக்காரர் ஒருவரைக் கொன்றவனுக்கு இதாவது நடக்க வேண்டாமா என்று ஊர் கொஞ்சநாள் பேசியது. பிறகு விட்டுவிட்டது.

பங்காரு குடியை விட்டார், விசைத்தறிக் குடோனில் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் மகளை ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கூட்டிப்போவார், வழியெல்லாம் பேசுவார். தலைக்கு மேல் விமானப்படை விமானம் போனால் "மேல பாரு கண்ணு" என்பார். பின்னால் இருப்பவள் குனிந்தே இருப்பாள். அடுத்த வருஷம் ஆடிப் பதினெட்டன்று, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடம் அவள், "எங்க நாயனா செத்துப்போயிட்டாருங்க" என்றாள். பங்காரு, "நீ பொறக்காமயே இருந்திருக்கலாம்" என்று கத்திவிட்டார். அவள் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். தன் குரல் எட்டாதது நல்லதாயிற்று என்று அன்று முதல்முறையாக நினைத்தார்.

கோயில் வாசலை மிதிக்காத மனிதர் அவர். அந்தத் தறிக்காரரின் திதியன்று கொடுமுடிக்குப் பஸ் ஏறினார். இடுப்பளவு காவிரியில் நின்று எள்ளும் தண்ணீரும் விட்டு, "ஏனுங்க" என்று செத்தவரைக் கூப்பிட்டு, நடந்ததையெல்லாம் சொன்னார். பதில் வராது என்று தெரியும். இருந்தும் சொல்லி முடித்தபோது, கேட்க ஆள் இருந்ததுபோல் நெஞ்சு அடங்கியது. ஈரவேட்டியோடு கோயிலுக்குள் போனார். அதிலிருந்து மாதம் தவறாமல் போனார்.

"கேக்காத புள்ளைகிட்ட எதுக்குங்க தொண்டையக் கிழிச்சுக்கறீங்க?" என்று அம்புஜம் ஒருநாள் கேட்டாள்.

"சாமிகிட்டயும் அப்படித்தானே அம்மணி பேசறோம்" என்றார்.

2022 வைகாசியில், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பூஜிதா திடுக்கென்று எழுந்து வாசலுக்கு ஓடினாள். "நாயனா வந்துட்டேன்னு சொன்னாருங்கம்மா." வாசலில் யாரும் இல்லை, பங்காரு குடோனில் இருந்தார். அன்றிலிருந்து அவர் நான்கு ஆண்டுக்கு முன் பேசியவை நாள் பிசகாமல் அவளுக்குக் கேட்கத் தொடங்கின. ஸ்கூட்டரில் போகும்போது வெறும் வானத்தை அண்ணாந்து பார்ப்பாள். அவர் ஜெயிலில் இருந்த அதே நான்கு ஆண்டைக் குரலும் இருந்து கழித்துவிட்டுத்தான் வருகிறது என்று அம்புஜம் கண்டுபிடித்தாள். வீடு அதற்குப் பழகிவிட்டது.

அந்த ஆடிப் பதினெட்டில் கத்திய சொல்லும் ஒருநாள் வரும் என்பது பங்காருவுக்குத் தெரியும். அம்புஜத்திடம் சொல்லி மகளை முன்கூட்டியே சமாதானம் பண்ணியிருக்கலாம். அது மன்னிப்பைப் பிடுங்கி வாங்குவதாகும் என்று அவருக்குப் பட்டது. ஆனால் அவள் அதைத் தனியாகக் கேட்கக்கூடாது. மறுவருஷம் ஆடிப் பதினெட்டுக்குப் பன்னிரண்டு வயது மகளைக் கொடுமுடிக்குக் கூட்டிப்போனார். ஆற்றில் கூட்டம் நெரிந்தது. படித்துறையில் பக்கத்தில் உட்கார்ந்தார். மத்தியானம் நெருங்குகையில் அவள் முகம் வெளுத்தது.

"இன்னைக்கும் அப்படித்தான் நெனைக்கறீங்களா நாயனா?"

இல்லை என்று தலையாட்டினார். பிறகு பேசினார். நிறுத்தாமல் பேசினார், பக்கத்துப் படியில் விளக்கு விட்டுக்கொண்டிருந்த பெண்கள் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பூஜிதா அவர் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விரல்விட்டு எண்ணினாள்.

"பதினாறு வயசுல கேட்டுக்கறேனுங்க" என்றாள். "இப்பப் பசிக்குதுங்க நாயனா."

இருவரும் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.