பொருந்திப்போன சராசரி

இருபதாவது வயலுக்குப் போக இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டும் என்று தெரிந்ததும் நிபாரண் சமாத்தார் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வயது நாற்பத்தெட்டு. அதில் பத்தொன்பது வருடம் வங்காளத்து நதியா ஜில்லாவின் சேற்றில் போயிருந்தது. முழங்கால் இரண்டும் இனி முடியாது என்று சொல்லிச் சலித்து, சொல்வதையே விட்டுவிட்டன.

வேலை என்னவோ எளிமையானதுதான். ஒரு தாணா, அதாவது ஒரு போலீஸ் ஸ்டேஷன் எல்லைக்குள் பல ஆயிரம் நெல் வயல்கள். ஏக்கருக்குச் சராசரி எத்தனை மணங்கு விளைந்தது என்று சர்க்காருக்குத் தெரிய வேண்டும். அத்தனையையும் அறுத்து நிறுக்க யாராலும் ஆகாது. அதனால் கல்கத்தா ஆபீசில், சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல இருபது சர்வே நம்பர்களை எடுத்து நிபாரணிடம் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அதே தாணாவுக்கு வேறு இருபது எடுத்து க்ஷிதீஷ் பாக்சியிடம் இன்னொன்று. அறுவடை நாளன்று அந்த வயலுக்குப் போய், நான்கடிக் கயிற்றால் ஒரு வட்டம் போட்டு, உள்ளே நிற்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, நிறுத்து எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது.

இருபதாவது வயலின் சொந்தக்காரர் கசிமுத்தீன் மண்டலுக்கு, பட்டியலில் அந்த வயல் விழுந்தது மானப் பிரச்சினையாகிவிட்டது.

"பாபு, அந்தப் பள்ளத்து வயலைப் போயா எழுதுவீங்க? தண்ணி நின்னு பாதி அழுகிக் கிடக்கு. ரோட்டோரமா நம்ம வயல் இன்னொண்ணு இருக்கு, வந்து பாருங்க. கதிர் தலை தூக்க முடியாம கெடக்கு."

"பட்டியல்ல இதுதான் இருக்கு, மண்டல் பாய்."

"பட்டியல் போட்டவன் வந்து பார்த்தானா?"

"பார்க்கல. பார்த்தா நல்லதாப் பொறுக்கிடுவான். அதுக்குத்தான் பார்க்காம போடுறது."

"அப்ப என் நிலத்துல ஒண்ணும் விளையாதுன்னு கல்கத்தாவுல எழுதிக்குவாங்க."

"உங்க பேரே அங்க போகாது. உங்க வயலைப் பத்தி யாருக்கும் கவலை இல்ல. மொத்தத் தாணாவுக்கும் ஒரு சராசரி இருக்கு. அது எவ்வளவுன்னு எனக்கும் தெரியாது, கல்கத்தாவுக்கும் தெரியாது. தெரியணும்னா எல்லாத்தையும் அறுக்கணும். நாங்க இருபதை அறுத்துட்டு, இவ்வளவு இருக்கலாம்னு சொல்றோம்."

"இருக்கலாம்னு சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார் கசிமுத்தீன். கேலியில்லை, உண்மையிலேயே இரக்கப்பட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே முன்னால் இறங்கினார்.

வட்டத்துக்குள் கைப்பிடியளவு கதிர் தேறியது. நிபாரண் நிறுத்து எழுதினார். கரையேறிக் காலிலிருந்து மூன்று அட்டைகளைப் பிடுங்கிப் போட்டார்.

மறுநாள் காலை படகுத்துறை டீக்கடையில் க்ஷிதீஷ் காத்திருந்தான். முப்பது வயது, சேறு படாத செருப்பு. நிபாரணை அண்ணன் முறை வைத்து 'நிபாரண்தா' என்பான். இந்தத் தாணாவில் அவனும் இருபதை முடித்துவிட்டான். பக்கத்துத் தாணாவிலும் அவனுக்குப் பட்டியல் உண்டு. அங்கே அவனுக்கு ஜோடி அதீர் பால் என்பவன்.

"நிபாரண்தா, உங்க சராசரி எவ்ளோ வந்துச்சு?"

"எதுக்கு?"

"எனக்கு பன்னெண்டரைக்கு மேல வருது. உங்களுக்கு ரொம்பக் குறைஞ்சா ரெண்டு பேர்ல ஒருத்தன் பொய்யின்னு ஆயிடும். யாரு அதுன்னு தேடுவாங்க. உங்க நோட்டைக் காட்டுங்க, ஆளுக்கு நாலு எண்ணைத் தட்டிச் சரி பண்ணிடலாம். இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா?"

நிபாரண் டீயைக் குடித்தார். நேர்மை என்று பெரிதாக எதுவும் அவர் மனதில் எழவில்லை. எந்த நாலு எண்ணைத் தட்டுவது, எவ்வளவு தட்டுவது, மறுபடி எப்படிக் கூட்டி வகுப்பது என்று யோசித்தபோதே அலுப்பாக இருந்தது.

"விடு க்ஷிதீஷ். வந்தது வந்ததுதான். எனக்குப் பொய் எழுதக்கூடத் தெம்பில்ல."

"உங்க இஷ்டம். அதீர் பால் உங்களை மாதிரி இல்ல, விவரமானவன்."

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. நோட்டுப் புத்தகத்துடன் உடனே கல்கத்தா வர வேண்டும்.

கணக்குப் பிரிவு அதிகாரி சுப்ரபா நியோகி மேஜைமேல் இரண்டு தாள்களை வைத்திருந்தார். நிபாரணைவிடப் பத்து வயது இளையவர்; ஆனாலும் அதிகாரி என்பதால் அவருக்கு 'திதி', அதாவது அக்கா. கண்ணுக்குக் கீழே அதே களைப்பு. முதல் தாளில் நிபாரணின் சராசரி பதினொன்று புள்ளி இரண்டு, க்ஷிதீஷின் சராசரி பன்னிரண்டு புள்ளி ஆறு. தன்னைத்தான் பொய்யன் என்பார்கள் என்று நிபாரணுக்குத் தோன்றியது. எத்தனை வருடப் பென்ஷன் போகும் என்றுகூட அவரால் அப்போது கணக்குப் போட முடியவில்லை.

"திதி, நான் ஒவ்வொரு வயலுக்கும் போனேன். கடைசி வயல்ல தண்ணி..."

"தெரியும், உக்காருங்க. நோட்டுல இருக்கிற சேறே சொல்லுது." அவர் இரண்டாவது தாளைத் திருப்பினார். "இதைப் பாருங்க. பக்கத்துத் தாணா. க்ஷிதீஷ் பாபுவுக்குப் பன்னெண்டு புள்ளி ஒண்ணு. அதீர் பாபுவுக்கும் பன்னெண்டு புள்ளி ஒண்ணு. அஞ்சு வருஷமா ரெண்டு பேரோடதும் இப்படியே ஒத்துப்போகுது."

"நல்லாப் பொருந்தியிருக்கே?"

"அதான் பிரச்சினை. ஒரு பட்டியல்ல பள்ளம் நாலு விழும், இன்னொண்ணுல மேடு நாலு விழும். வேற வேற வயலை அறுத்தா வேற வேற சராசரிதான் வரும். ஒரு வருஷம் ஒத்துப்போனா அதிர்ஷ்டம். அஞ்சு வருஷமா ஒத்துப்போனா, ரெண்டு பேரும் ஒரே டீக்கடையில உக்காந்திருக்காங்க."

நிபாரண் முதல் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, பத்தொன்பது வருடமாக யாரிடமும் கேட்காததைக் கேட்டார்.

"எங்க தாணாவுல எது நிஜம், திதி? என்னுதா, க்ஷிதீஷோடதா? எங்க தாணாவுல அவன் பொய் எழுதலையே?"

"உங்க தாணாவுல எழுதல. நீங்க வழி விடல. ஆனா நிஜம் ரெண்டும் இல்ல. நிஜமான எண் அங்க வயல்ல இருந்துச்சு, அறுத்து வீட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. அது எனக்கு எப்பவும் கிடைக்காது. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளின்னு பார்த்துத்தான், நான் எவ்ளோ தப்பா இருக்கலாம்னு சொல்ல முடியும். அந்த ரெண்டு பேரும் எனக்கு அதை இல்லாம பண்ணிட்டாங்க. நான் தப்பே பண்ணாதவ மாதிரி கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிட்டு இருந்திருக்கேன். அஞ்சு வருஷம்."

அவர் குரல் உயரவில்லை. கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அவங்க ரெண்டு பேரையும் வேலையை விட்டு நிறுத்தியாச்சு. அந்தத் தாணாவுல அடுத்த போக நெல்லுக்குப் பட்டியல் தயாரா இருக்கு. போறதுக்கு நம்பிக்கையான ஆள் வேணும்."

"அதுக்கும் நானா?"

"உங்க தாணாவோட சேர்த்து, நிபாரண் பாபு. வேற யாரை அனுப்புறது?"

பாராட்டு என்பது இப்படித்தான் வரும் போலிருக்கிறது என்று நிபாரண் நினைத்தார். கையை நீட்டிப் பட்டியலை வாங்கிக்கொண்டார். பழைய தாணாவில் இருபது, பக்கத்துத் தாணாவில் இருபது, புதிதாக நாற்பது வயல்கள்.

சியால்தா ஸ்டேஷனில் ராணாகாட் வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. பெஞ்சின் மறுமுனையில் க்ஷிதீஷ் ஒரு தகரப் பெட்டியுடன் உட்கார்ந்திருந்தான். வேலை நீக்கக் கடிதத்தை வாங்கிக்கொண்டு திரும்புகிறான்.

"நீங்க சொன்னீங்களா?" என்று கேட்டான்.

"நான் எதுவும் சொல்லல. உங்க ரெண்டு பேர் எண்ணே சொல்லிடுச்சு."

க்ஷிதீஷ் தலையாட்டினான். சண்டை போடும் எண்ணத்தோடு வந்தவன்போல் தெரியவில்லை. நிபாரண் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துப் பொரியை அவன் பக்கம் நகர்த்தினார். இருவரும் தின்றார்கள். பிறகு நிபாரண் பட்டியலை எடுத்து, பக்கத்துத் தாணாவின் முதல் ஊர்ப் பெயரைப் படித்துக் காட்டினார்.

"இதுக்கு எந்தப் படகுத்துறையில இறங்கணும்? உன் பழைய பட்டியல்லயும் இந்த ஊர் இருந்துச்சாமே."

க்ஷிதீஷ் தாளை வாங்கிப் பார்த்தான்.

"தெரியாது, நிபாரண்தா. நான் அங்க போனதே இல்ல."

வண்டி வந்தது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. நிபாரண் முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு, கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்து, கடைசியாக ஏறினார்.