அடிக்குறிப்பில் அண்ணன்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: வீட்டுக்கு மூத்தவனான நான்; என் மனைவி; நாவல் எழுதிய என் தங்கை; ஒரு நாளும் நீதிமன்றப் படி ஏறாமலே 'வக்கீல்' என்று பெயர் வாங்கிய என் தம்பி; அச்சகம் நடத்தும் அம்மாள். ஐந்தே பேர். தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டு இப்போது இருபது பேர் திரிகிறார்கள். அதனால்தான் இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

தங்கைக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் மருந்துக் கடையில் நின்றவள். அவள் நாவலை இரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின; மூன்றாவது பதிலே போடவில்லை. நானே போட்டுக்கொள்கிறேன் என்று அவள் கிளம்பினாள். எழுதுவதற்கு நான் எதிரியல்ல. ஆனால் கதை எங்கள் வீட்டுக் கதை. அட்டையில் இருப்பது எங்கள் குடும்பப் பெயர். அச்சேறும் முன் நான் பார்க்க வேண்டும் என்றேன். மறுபேச்சில்லாமல் அச்சுப் படியைக் கொடுத்தாள்.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவன். அங்கே ஓர் எழுத்தைத் திருத்தினாலும் பக்கத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும். அதே முறையில், சிவப்பு மையில், மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். வீட்டு வாசல் தெற்கு என்று எழுதியிருந்தாள். கிழக்கு என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன். அத்தை ஒரு பக்கம் முழுக்கப் பேசுகிறாள். அத்தை அவ்வளவு பேசமாட்டாள் என்று எழுதினேன். அண்ணன் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தான் என்றிருந்தது. 'விழவில்லை, இறங்கினான்' என்று எழுதினேன். இப்படி நாற்பத்தொரு இடம்.

அதில் ஒன்பதாம் அத்தியாயம்தான் என்னை உலுக்கியது. அப்பா மரக்கடை வைத்திருந்தார். தினமும் காலையில் கடை வாசலில் நின்று செய்தித்தாளை உரக்க வாசிப்பார். தெருவே காது கொடுக்கும். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, விடியுமுன் சமையலறையில் அம்மா வாசித்துக் காட்டியதை மனப்பாடமாகச் சொன்னார் என்று தங்கை எழுதிவிட்டாள். உடன்பிறந்த எங்கள் மூவரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத விஷயம். ஐம்பது வருடமாக நான் வாய் திறந்ததில்லை. 'தவறு. அப்பாவுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

தங்கை அப்போது மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். தாமதம் வேண்டாமே என்று திருத்திய அச்சுப் படியை நானே அச்சகத்துக்கு அனுப்பிவைத்தேன். சிவப்பு மையில் கையெழுத்தோடு எது இருந்தாலும் அது புத்தகத்தில் சேரவேண்டியது என்பது அந்த அச்சகத்தின் வழக்கமாம். எனக்கு யார் சொன்னார்கள்? வரிக்குள் இடமில்லாததால், ஒவ்வொன்றையும் பக்கத்தின் அடியில் நட்சத்திரக் குறி போட்டுச் சிறிய எழுத்தில் கோத்துவிட்டார்கள். கடைசியில் 'அண்ணன்' என்று பெயர் வேறு.

ஞாயிறன்று அச்சகத்து அம்மாள் கொண்டுவந்தது அந்தத் தாள்களைத்தான். தங்கை கையெழுத்திட்டால் மறுநாள் காலை இயந்திரம் ஓடும்.

"சாரோட குறிப்பு நாப்பத்தொண்ணும் வந்துருச்சு. ஒண்ணுகூட விடல," என்றார் பெருமையாக.

வக்கீல் தாளை வாங்கிச் சைக்கிள் பக்கத்தை வாசிக்கத் தொடங்கினான். பாதியில் குரல் உடைந்து, சிரிப்பில் மூச்சு முட்டியது. தங்கை மேசையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கினாள்.

"இறங்கினாராம்," என்றாள் என் மனைவி. "முட்டியில தழும்பு இன்னும் இருக்கு."

எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்றேன். சாயங்காலத்துக்குள் எடுத்துவிடலாம் என்றார் அச்சகத்து அம்மாள். தங்கை சிரிப்பை நிறுத்தினாள்.

"எடுத்துடலாம் அண்ணா. ஆனா அப்புறம் நான் எழுதினது மட்டும்தான் இருக்கும். ஒன்பதாவது அத்தியாயமும் சேர்த்து."

அதையும் எடுக்கச் சொன்னேன்.

"அது இல்லன்னா புத்தகமே வேண்டாம். நாளைக்கு மெஷின் ஓட வேண்டாம்."

குரலை உயர்த்தவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வந்தவர்களை முப்பது வருடம் திருப்பி அனுப்பிய குரல் அது. வக்கீல் கையிலிருந்த தாளை மேசையில் வைத்துவிட்டான்.

"ரெண்டும் இருக்கட்டுமேங்க," என்றாள் மனைவி. "அவ ஒண்ணு சொல்றா, நீங்க ஒண்ணு சொல்றீங்க. இந்த வீட்ல என்னைக்கு எல்லாரும் ஒரே மாதிரி பேசியிருக்கோம்?"

ஒன்பதாம் அத்தியாயத் தாளை வாங்கிப் பார்த்தேன். கையெழுத்தில் என் ஆட்சேபணையாக இருந்தது, அச்சில் சாட்சியாக நின்றது. பார்க்காத ஒன்றுக்கு நான் ஒரு நாளும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனல்ல. பார்த்ததோ வேறு. அதைத் தங்கையிடம்கூடச் சொன்னதில்லை.

பேனாவை எடுத்து என் குறிப்பை அடித்தேன். கீழே எழுதினேன்: 'அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட நான்கு நாளும் விடியுமுன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டியவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது. மூன்றாம் நாள் விளையாட்டுச் செய்தியில் வந்த இரண்டு பிழைகள் என்னுடையவை, அப்பாவுடையவை அல்ல.' கையெழுத்திட்டுத் தாளைத் தங்கை பக்கம் தள்ளினேன்.

அவள் இரண்டு முறை படித்தாள்.

"இது எனக்குத் தெரியாதே அண்ணா."

"கேட்டியா நீ?" என்றேன்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு கடகடவென்று எல்லாத் தாளிலும் கையெழுத்திட்டாள். மற்ற நாற்பதும் அப்படியே இருந்தன. சைக்கிளை எடுக்கச் சொல்லி நான் கேட்டது சபையில் ஏறவில்லை.

முந்நூறு படிகள் போட்டாள். இரண்டு மாதத்தில் மறுபடி அச்சிட வேண்டியிருந்தது. ஒரு வாசகர் வட்டத்தில் என்னையும் மேடையில் உட்காரவைத்தார்கள். அத்தையைப் பற்றி யாரோ தப்பாகச் சொன்னதைத் திருத்தினேன், கைதட்டினார்கள்.

இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது: அப்படி ஓர் அண்ணனே கிடையாது, அந்த அடிக்குறிப்புகள் தங்கையின் சாமர்த்தியமான கற்பனை, மேடைக்கு வந்தவர் யாரோ நாடகக்காரர் என்று. அது உண்மையல்ல. நான் இருக்கிறேன்.