நான்கு நாள் தண்ணீர்

கணவர் போய்ச் சேர்ந்து ஒன்பதாவது நாள் போன் அடித்தது. துக்கம் விசாரிக்கத்தான் என்று நினைத்து எடுத்தாள். தண்ணி கேன் எப்போது வரும் என்று கேட்டார்கள்.

வீட்டின் கீழ்த்தளம் முழுக்க அந்தத் தொழில்தான். நிலத்தடி நீரை இழுக்கும் மோட்டார், இரண்டு பெரிய தொட்டிகள், வரிசையாக வடிகட்டிகள், கடைசியில் ஒரு எஃகுக் குழாய். அந்தக் குழாய்க்குள் எரியும் நீல விளக்குதான் கிருமிகளைக் கொல்லும். அதைத் தாண்டி வரும் தண்ணீரைக் கேனில் பிடித்து, மூடி போட்டு, வேனில் ஏற்றி அனுப்புவார் கணவர். எந்த வடிகட்டியை எப்போது மாற்ற வேண்டும், யாருக்கு எத்தனை கேன் என்பதெல்லாம் அவர் மண்டைக்குள்தான் இருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதி வைக்கவில்லை மனுஷன். பதினான்கு வருடமாக அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மாடிக்குக் கேட்கும் மோட்டார் சத்தம் மட்டும்தான்.

தம்பி வந்து எல்லாவற்றையும் விற்றுவிடச் சொன்னான். வாங்க வந்தவர்கள் தொட்டியைத் தட்டிப் பார்த்துப் பழைய இரும்புக்குக் கேட்பதுபோலக் கேட்டார்கள். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கினாள்.

முதல் மாதம் வால்வை மூட மறந்து கீழ்த்தளத்தைக் குளமாக்கினாள். வடிகட்டியைத் தலைகீழாக மாட்டிவிட்டு, தண்ணீர் ஏன் வரவில்லை என்று ஒரு பகல் முழுக்க அதோடு மல்லுக்கட்டினாள். இதெல்லாம் போகப் போகப் பிடிபட்டது. பிடிபடாதது ஒன்றே ஒன்று: "முடியாது" என்று சொல்வது. யார் எத்தனை கேன் கேட்டாலும் "அனுப்பிடுறேங்க" என்றுதான் வாயில் வரும். இல்லையென்றால் இருப்பதும் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம்.

ஐந்தாவது மாதம் வேன் ஓட்டுபவர் சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கணவரை அண்ணன் என்று அழைத்துப் பதினோரு வருடம் கூடவே இருந்தவர். சொந்தமாக ஒரு வேன் எடுத்திருப்பதாகச் சொன்னார்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி. அண்ணன் இருந்தவரைக்கும் எனக்கு வேற நினைப்பே வந்ததில்ல."

அடுத்த வாரமே ஹோட்டல்களும் பாதி அலுவலகங்களும் அவர் பின்னால் போய்விட்டன. மிச்சமிருந்தவர்களுக்கு அவளே வேன் ஓட்டினாள். லிஃப்ட் இல்லாத கட்டிடங்களில் கேனைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறினாள். நடுவழியில் போன் அடித்தால் படியிலேயே நின்று, மூச்சு வாங்குவது தெரியாமல் பேசினாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக் கழுவ வேண்டும். இடுப்பு விட்டுப்போனதில் ஒருமுறை தள்ளிப் போட்டாள். அப்புறம் இன்னொரு முறை.

அந்த நேரம் பார்த்துத்தான் நீல விளக்கு அணைந்தது. இயந்திரம் கீச்சுக் கீச்சென்று கத்தியது. மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். வேறு விளக்கு வர நான்கு நாளாகும், அதுவரை ஓட்ட வேண்டாம் என்றார். அவள் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பளிங்குபோல இருந்தது. கத்தலை நிறுத்தும் பொத்தானை அமுக்கிவிட்டு, அந்த நான்கு நாளும் வழக்கம்போலக் கேன்களை நிரப்பிக் கொண்டுபோய்ப் போட்டாள்.

விளக்கு மாற்றிய மறுநாள், அவளிடம் கேன் வாங்கும் குழந்தைகள் காப்பகத்தை நடத்தும் டீச்சர் போன் செய்தாள். அழுதுகொண்டே பேசினாள். பதினோரு பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்குமாம். இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறதாம். சாப்பாட்டில்தான் ஏதோ என்று சமையல்காரம்மாவை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்களாம்.

"மத்த பிள்ளைங்களுக்கு நிறைய தண்ணி குடுக்கச் சொல்லியிருக்காங்க அக்கா. இன்னைக்கு ரெண்டு கேன் சேர்த்துப் போடுங்களேன்."

போனை வைத்தபிறகு தம்பிக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னாள்.

"உன்னை யாராவது கேட்டாங்களா? இல்லல்ல? இப்போதான் வேற விளக்கு போட்டாச்சே. வாயைத் திறக்காம இரு, அக்கா" என்றான் அவன்.

அவன் சொன்னது அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. கேன்களை ஏற்றிக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள். வாசலில் குட்டிச் செருப்புகள் வைக்கும் பலகை காலியாக இருந்தது. டீச்சர் ஓடிவந்து ஒரு கேனை உருட்டிக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள். இவள் கேனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இது நல்ல தண்ணிதான். போன வாரம் குடுத்தது நல்ல தண்ணி இல்ல. எனக்குத் தெரிஞ்சேதான் குடுத்தேன்."

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கேனிலிருந்து கையை எடுத்துவிட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பேசும் சத்தம் கேட்டது.

சுகாதார அலுவலகத்திலிருந்து வந்து கீழ்த்தளத்துக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைத்தார்கள். தெருவில் அவளைக் கண்டால் பேச்சு நின்றுபோனது. குழந்தை பன்னிரண்டாவது நாள் வீடு திரும்பியது. சிறுநீரகம் பழையபடி ஆகுமா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தப் பன்னிரண்டு நாளில் அவள் ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போனாள். மூன்று முறையும் குழந்தையின் அப்பா வராந்தாவிலேயே அவளைத் திருப்பி அனுப்பினார்.

வழக்கு ஒரு பக்கம் நடக்க, அபராதம், மறு சோதனை எல்லாம் முடிந்து ஏழு மாதம் கழித்து முத்திரையை எடுத்தார்கள். முதல் வேலையாக அவள் சமையல்காரம்மாவைத் தேடிப் போனாள். காப்பகத்தில் திரும்பக் கூப்பிட்டும் அந்த அம்மா போகவில்லையாம். இப்போது ஒரு விடுதியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தன்னோடு வந்துவிடும்படி இவள் கேட்டாள். தனியாகச் செய்ததால்தான் இப்படி ஆனது, இரண்டு பேராகப் பார்த்துச் செய்யலாம் என்றாள்.

சமையல்காரம்மா ஈரக் கையைத் துடைக்கவில்லை.

"ரெண்டு நாள் அந்தப் பிள்ளைங்களோட அம்மாக்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிக்குது. நீங்க உண்மையைச் சொன்னீங்க, சரி. ஆனா உங்க தண்ணியை நான் தொடமாட்டேன்மா."

அவள் தலையசைத்துவிட்டு வந்துவிட்டாள்.

மறுபடி ஆரம்பித்தபோது மூன்றே மூன்று வீடுகள்தான் கிடைத்தன, அதுவும் அவளைப் பற்றித் தெரியாத தெருவில். வாரம் தவறாமல் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்தாள். அன்றைக்குக் கேன் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள். ஒருநாள் ஏதோ கம்பெனியிலிருந்து பேசினார்கள். தினமும் முப்பது கேன் வேண்டுமாம், நாளையிலிருந்தே.

அவள் தன் தோளையும் தொட்டியையும் மனதுக்குள் அளந்து பார்த்தாள்.

"என்னால பத்துதாங்க முடியும்."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். அவளும் போனை வைத்தாள். பிறகு மோட்டாரைப் போடப் போனாள்.