இரண்டு கதவுக் கார்

நபீஸ் வேனை விற்கப்போகிறான் என்று தெரிந்தபோது றுஷ்னாவுக்கு முதலில் நினைவு வந்தது அக்காவின் கால்தான். ஆனால் அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. புதுக் கார் வரப்போகிற சந்தோஷத்தில் இருக்கிற புருசனிடம் காலைப் பற்றிப் பேசுவானேன் என்று விட்டுவிட்டாள்.

அக்காவின் பெயர் ஆதிபா. கொழும்பு முஸ்லிம் வீடுகளின் வழக்கப்படி றுஷ்னா அவளைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள். ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் லொறி பின்னால் வந்து இடித்த விபத்தில் ஆதிபாவின் வலது முழங்கால் நொறுங்கிப்போனது. உள்ளே கம்பி வைத்து இறுக்கியதில் கால் பிழைத்தது, மடக்கத்தான் முடியாது. நீட்டியபடியே நிற்கும், நீட்டியபடியே உட்காரும், வெளியே ஒரு இரும்புப் பட்டி. புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை. வாப்பா வெள்ளவத்தை வீட்டை றுஷ்னாவுக்குச் சீதனமாக எழுதியபோது, மூத்தவள் இருக்கும்வரை பின்னறை அவளுக்கு என்று வாயால் சொல்லிவிட்டு மௌத்தாகிப் போனார். காலையில் வேலைக்கு, கிழமைக்கு ஒருமுறை பொரளையில் காலுக்குப் பயிற்சிக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த வேன்தான் அவளை ஏற்றிப் போனது. அதன் பக்கக் கதவு இழுத்துத் திறப்பது. காலை நீட்டிக்கொண்டு அப்படியே ஏறலாம்.

வந்தது அமெரிக்கக் கார். ஈரச் சீமெந்து நிறம். பொனட் மட்டுமே ஒரு கட்டிலின் நீளம். கூரை அதற்கு நேர்மாறாக, யாரோ கையால் அமுக்கிவிட்டதுபோலப் பின்பக்கம் சரிந்து இறங்கியது. எட்டு சிலிண்டர். ஸ்டார்ட் செய்தால் அடுத்த வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கதவு இரண்டே இரண்டு. பின்னால் இரண்டு பேருக்கு ஆசனம் உண்டு என்று நபீஸ் எல்லோரிடமும் சொன்னான். அதற்கு முன் ஆசனத்தைச் சாய்த்து, தலை குனிந்து, உடம்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போகவேண்டும். முன் ஆசனத்தில் இருப்பவர் இறங்கி வழிவிடாமல் பின்னால் இருப்பவர் வெளியே வர வழியே கிடையாது. பின்பக்கக் கண்ணாடிகளும் திறக்காதவை.

கார் பார்க்க வந்த கூட்டத்தில் ஆதிபாவும் வாசலில் நின்றாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"எஞ்சினுக்கு ஒரு ஊடே கட்டீக்கிறாங்க, மனுஷருக்கு ஒரு அலுமாரி," என்றாள்.

நபீஸின் கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நபீஸும் சிரித்தான். ஆனால் அன்றிரவு சாப்பாட்டில் அவன் பேசவில்லை என்பதை றுஷ்னா கவனித்தாள்.

அடுத்த ஞாயிறு, தாத்தாவை ஒரு சுற்று கூட்டிப்போகிறேன் என்று அவனாகவே சொன்னான். வேண்டாம் என்றவளை விடவில்லை. றுஷ்னாதான் ஆசனத்தைச் சாய்த்தாள், றுஷ்னாதான் அந்தக் காலைத் தூக்கிக் குறுக்காக உள்ளே வைத்தாள். கடற்கரை வீதியில் ஆள் குறைந்த இடம் வந்ததும் நபீஸ் காரை நிறுத்தினான். திரையில் எதையோ தொட்டான். பிரேக்கையும் அக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதித்தான். கார் நின்ற இடத்திலேயே உறுமியது. பிரேக்கை விட்டான்.

றுஷ்னாவின் முதுகை ஆசனம் தன்னோடு ஒட்டி வைத்துக்கொண்டது. வயிறு பின்னால் எங்கோ தங்கிவிட்டது. கடலும் தென்னைகளும் ஒரு கோடாகிப் போயின. அவளுக்குப் பயமாகவும் இருந்தது, இன்னும் கொஞ்சம் வேண்டும்போலவும் இருந்தது. பின்னால் இருந்து ஒரு சத்தம் வந்தது. காலை எதிலோ இடித்துக்கொண்ட சத்தம். நபீஸ் மூன்று தடவை அதையே செய்தான்.

வீட்டு வாசலில் ஆதிபாவை இறக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. கால் மடங்காததால் பின்பக்கமாகத்தான் வரவேண்டும். நபீஸ் உதவிக்கு வரவில்லை, போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த வீடியோ அவனுடைய கூட்டாளிகளிடம் போனது. றுஷ்னாவுக்கும் காட்டினான். அக்காவின் முக்காடு கழுத்தில் சுற்றியிருந்தது, ஒற்றைக் கால் காற்றில் துழாவியது. றுஷ்னா சிரித்தாள். அவனுக்காகச் சிரிக்கவில்லை, உண்மையாகவே சிரிப்பு வந்தது.

பிறகு ஆதிபா ஓட்டோவில் வேலைக்குப் போகப் பழகிக்கொண்டாள். பொரளைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். றுஷ்னா முன் ஆசனத்துக்குப் பழகிக்கொண்டாள். காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் தொங்குகிறவர்களெல்லாம் குனிந்து பார்ப்பார்கள். முதலில் காரை, பிறகு அவளை.

நபீஸின் மாமி மகனுக்குக் கொட்டாஞ்சேனைப் பக்கத்து மண்டபமொன்றில் பகல் கல்யாணம். ஆதிபா ஓட்டோவில் வருகிறேன் என்றாள். கார் வைத்திருக்கிற வீட்டுப் பெண் ஓட்டோவில் வந்து இறங்குவதா என்று நபீஸ் பிடிவாதம் பிடித்தான். மறுபடியும் ஆசனம் சாய்ந்தது.

மண்டப வாசலில் அவர்களுக்காகவே கூட்டம் காத்திருந்தது. எல்லார் கையிலும் போன். நபீஸ் எஞ்சினை இரண்டு முறை உறுமவிட்டு நிறுத்தினான். றுஷ்னா இறங்கினாள். புதுச் சாரி, தங்கநிறச் செருப்பு. அத்தனை கமராவும் அவள் பக்கம் திரும்பின. இப்போது ஆசனத்தைச் சாய்க்கவேண்டும். குனிந்து அந்தக் காலைப் பிடித்து இழுக்கவேண்டும். பின்பக்கமாக அக்கா வெளியே வருவாள், இத்தனை பேரும் பார்ப்பார்கள்.

"பின்னுக்கு நிப்பாட்டின பொறகு இறக்குவம், தாத்தா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நபீஸ் காரைப் பின்வளவில், வெயிலில் நிறுத்திவிட்டுத் தனியாக வந்தான். றுஷ்னா அவனைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான்.

சஹன் என்ற பெரிய தட்டு ஒவ்வொன்றையும் சுற்றிப் பெண்கள் ஆறு பேராய் உட்கார்ந்தார்கள். ஆதிபா எங்கே என்று ஒருத்தி கேட்டாள். கால் நோவு, வரவில்லை என்றாள் றுஷ்னா. சொல்லி முடிப்பதற்குள் கைப்பைக்குள் போன் நடுங்கியது. தாத்தா என்று திரையில் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. அவள் போனை அணைத்துவிட்டு இறைச்சித் துண்டொன்றைப் பிய்த்தாள். அதை வாயில் வைக்காமல் சஹனின் ஓரத்திலேயே வைத்தாள். எழுந்து, ஆண்கள் பக்கத்துத் தடுப்பருகே நபீஸைக் கூப்பிட்டு, ஏசியையாவது போடுங்கள் என்றாள்.

அவன் கூட்டாளிகளுக்குக் காட்டிக்கொண்டே போனில் ஒரு பொத்தானை அமுக்கினான். பின்வளவில் ஓட்ட ஆளில்லாமல் எட்டு சிலிண்டரும் எழும்பின. மண்டபத்துக்குள் கேட்டது, கைதட்டினார்கள். றுஷ்னாவுக்கு மனம் ஆறியது. கொஞ்ச நேரத்தில் எஞ்சினும் ஏசியும் தானாகவே நின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அதைப்பற்றி அவள் நினைக்காமல் இருந்தாள்.

இனிப்புக்கு வட்டிலப்பம் வந்த நேரம் டோரின் வந்தாள். ஆதிபாவோடு புதுக்கடையில் வேலை செய்கிறவள், வீடு கொட்டாஞ்சேனையில்தான். வீட்டுக் கவுனோடும் ரப்பர் செருப்போடும் நேரே பெண்கள் பக்கம் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"கார்ச் சாவியத் தாங்க. ஆதிபா உள்ளுக்கு இருக்கிறா, எனக்குக் கோல் எடுத்தவ. வாந்தி எடுத்திட்டா, இப்ப கதைக்கிறாவும் இல்ல."

மற்ற ஐந்து பேரும் சாப்பாட்டில் கை வைத்தபடி றுஷ்னாவைப் பார்த்தார்கள்.

கதவைத் திறந்தபோது உள்ளிருந்து அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல வெக்கை வந்தது. ஆதிபாவின் முகம் சாம்பலாய் இருந்தது. கண் திறந்திருந்தது. டோரினும் அவளைக் கூட்டிவந்த ஓட்டோக்காரரும் இழுத்து வெளியே எடுத்தார்கள். நபீஸ் தலையை உள்ளே விட்டுப் பார்த்தான்.

"தோல் சீட்டக் கிழிச்சி வச்சீக்கிறா," என்றான்.

காலுக்குப் போட்டிருந்த இரும்புப் பட்டி கீறிய கோடு அது. பக்கத்தில் வாந்தி. றுஷ்னா சாரித் தலைப்பைச் சொருகிக்கொண்டு கடதாசித் துண்டுகளால் ஆசனத்தைத் துடைக்கத் தொடங்கினாள். அவள் நிமிர்ந்தபோது ஓட்டோ ஆதிபாவை ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

ஆதிபா திரும்பி வரவில்லை. உடுப்புகளை எடுக்க டோரின்தான் வந்தாள். ஊரில் கதை பரவியபோது, கல்யாணப் பரபரப்பில் மறந்துபோனோம் என்று நபீஸ் சொன்னான். றுஷ்னாவும் அதையே சொன்னாள். சொல்லச் சொல்ல அது நடந்த விஷயம்போலவே ஆனது.

நோன்பு தொடங்க முன் அவள் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். நபீஸ் காரிலேயே இருந்துகொண்டான். டோரின் வீட்டுக் கீழறையில் ஆதிபா காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்து, ஏதோ பத்திரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். தங்கையை உட்காரச் சொன்னாள்.

"மறந்து போச்சு தாத்தா. அல்லாவே, வேணுமெண்டு செய்யல்ல. ஊட்டுக்கு வாங்க."

ஆதிபா தாளைக் கீழே வைத்தாள். கோபம் முகத்தில் இல்லை, அதுதான் றுஷ்னாவுக்குப் பிடிக்கவில்லை.

"மறந்தீந்தா நான் இண்டைக்கே வந்தீப்பன். நடுவுல ஏசியப் போட்டீங்களே, றுஷ்னா."

டோரின் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். றுஷ்னா அதை அரைவாசி குடித்துவிட்டு எழுந்தாள்.

வெளியே நபீஸ் எஞ்சினை ஓடவிட்டிருந்தான். அவள் ஏறி உட்கார்ந்து, வரமாட்டாவாம் என்றாள். அவன் காரைக் கவனமாகப் பின்னெடுத்தான். கடல் காற்றில் பெயின்ட் கெட்டுப்போகிறது, பின்னறைச் சுவரை உடைத்தால் காரை உள்ளே விடலாம் என்றான்.

"தாத்தாட கட்டில யாருக்காவது குடுத்திருவம்," என்றாள் றுஷ்னா.

நோன்பு முடிவதற்குள் சுவரை உடைத்தார்கள்.