காதுக்குள் எண்ணுகிறவள்

தன் பாட்டுக் குழுவில் பத்தொன்பது வருஷம் பாடிய தங்கையைப் போனிலேயே வீட்டுக்கு அனுப்பிய அண்ணன், மூன்று வாரம் கழித்து அதே போனில் உதவி கேட்டான். வெட்கம் என்ற ஒன்றைச் சிலருக்குக் கொடுக்காமலேயே அனுப்பிவிடுகிறார்கள்.

“ஒரு மணி நேர வேலைதாம்மா. வந்து எண்ணிக் கொடுத்துட்டுப் போயிடு. நீ இல்லாம ஒண்ணும் ஓட மாட்டேங்குது.”

“நான் இல்லாம ஓடணும்னுதானே என்னைப் போகச் சொன்ன?”

“அது வேற, இது வேற. இது நம்ம வீட்டு விஷயம்.”

அந்த வீட்டு விஷயம் ஊருக்குத் தெரியாது. மேடையில் அண்ணன் கிட்டாரை எடுத்தால் விரல் பறக்கும், கூட்டம் கத்தும். ஆனால் பாட்டின் வரிசை மட்டும் அவன் மண்டையில் நிற்காது. எத்தனை எண்ணிக்கைக்குப் பிறகு தன் முறை, எந்தச் சரணத்துக்குப் பிறகு நிறுத்த வேண்டும், எல்லாம் மேடை விளக்கு போட்டதும் மறந்துவிடும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய மைதானத்தில் தப்பான இடத்தில் புகுந்து வாசித்தான். மைதானமே சிரித்தது. உடை மாற்றும் அறையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான்.

அவளுக்கு மனசு தாங்கவில்லை. வீட்டில் போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு, தெருச் சத்தம் விழாமல், இருபத்திரண்டு பாட்டுக்கும் உட்கார்ந்து எண்ணிப் பதிவு செய்தாள். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அண்ணா, இப்ப நீ. அவசரப்படாத. போதும், நிறுத்து.” மேடையில் நிற்பவர்களின் காதுக் கருவியில் மட்டும் அது ஓடும். அண்ணனுக்காகச் செய்தது டிரம்ஸ்காரருக்கும் பழகிப்போனது, பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கும் பழகிப்போனது. ரசிகர்கள் ‘இடி’ என்று பெயர் வைத்துக் கூப்பிட்ட அவள், வாயால் கூட்டத்துக்குப் பாடிக்கொண்டும் மூன்று ஆம்பிளைகளின் காதில் எண்ணிக்கொண்டும் ஒன்பது வருஷம் ஓட்டினாள்.

“வேற எங்கயும் காப்பி இருக்கக் கூடாது. வெளிய தெரிஞ்சா என் மானம் போயிடும்” என்று அண்ணன் அன்றே சொல்லிவிட்டான். அதனால் எல்லாமே மூடியில் விரிசல் விழுந்த ஒரே லேப்டாப்பில் இருந்தது. ஒழுங்கு என்பது அவனுக்கு எதிலும் கிடையாது. அவள் பாடிய குரலைத் தனியாகப் பிரித்த பதிவுகளையும் அதே போல்டரில் போட்டுக் குவித்திருந்தான்.

இப்படிப்பட்டவளை எதற்கு அனுப்பினார்கள்? குரல் போய்விட்டதா? இல்லை. “குரலுக்கு ஒரு குறையும் இல்லம்மா. போஸ்டர்லதான் வயசு தெரியுதுன்னு மேனேஜர் சொல்றாரு” என்றான். அவளுக்கு நாற்பத்து மூன்று. அவனுக்கு நாற்பத்தெட்டு, சட்டைப் பொத்தானைப் பிய்த்துக்கொண்டு வரும் தொப்பை வேறு. அது எந்தப் போஸ்டரிலும் தெரியவில்லையாம்!

போகக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் இப்படிக் கேட்கிற முகத்தை நேரில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆத்திரம் வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போய் நின்றாள்.

ஒத்திகை அறையில் ஒன்றும் மாறவில்லை. சுவரெல்லாம் பழைய கார்ப்பெட், இரைச்சல் விழும் என்று நிறுத்தி வைத்த மின்விசிறி, வியர்வை நாற்றம். பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த புதுப் பாடகி சட்டென்று எழுந்தாள். இருபத்திரண்டு வயசு இருக்கும்.

“வாங்கக்கா.”

புதியவளை வெறுக்கத் தயாராகத்தான் வந்திருந்தாள். அந்தப் பெண்ணின் கையில் இருந்த நோட்டில் பாட்டு முழுக்கப் பென்சிலால் மூச்சு எடுக்கும் இடங்கள் குறித்திருந்தன. அவளும் அப்படித்தான் குறிப்பாள். அதைப் பார்த்ததில் எரிச்சல் இன்னும் கூடியது.

“பெரிய மனசு மேடம் உங்களுக்கு” என்று மேனேஜர் குழைந்தார்.

“மனசெல்லாம் இருக்கட்டும். வேலையச் சொல்லுங்க.”

புதுப் பெண்ணுக்காகப் பாட்டுகளையெல்லாம் வெட்டிச் சுருக்கியிருந்தார்களாம். பழைய எண்ணிக்கை பொருந்தவில்லை. புதிதாக எண்ண வேறு யாருக்கும் பாட்டின் எலும்பு தெரியாது. நாளை மத்தியானம் மேடை.

பதிவு செய்யும் கண்ணாடி அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டினாள். முதல் பாட்டை ஒழுங்காகவே எண்ணினாள். எவ்வளவு கோபம் இருந்தாலும் அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வராது. மூன்றாவது பாட்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் பேசினான்.

“கொஞ்சம் சாந்தமா எண்ணேன். காதுல குத்துது.”

“ஒண்ணு ரெண்டு மூணுல என்ன சாந்தம்?”

மேனேஜர் சிரித்தார். அவள் தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். புதுப் பாடகி மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? சுருதி மேல போற இடத்துலெல்லாம் உங்க குரலையே ஓட விடுறாங்களாம். நான் வாய அசைச்சா போதுமாம். நீங்க சரின்னு சொல்லிட்டீங்கன்னாங்க. நெஜமாவா?”

அவள் திரும்பினாள். அண்ணன் கிட்டார் கம்பியை முறுக்குவதில் மும்முரமாக இருந்தான்.

“அண்ணா.”

“அது… ஒரு ரெண்டு மூணு மாசத்துக்குத்தான். அவளுக்குப் பழகற வரைக்கும்.”

“என்னைக் கேட்டியா?”

“உன்னை என்ன கேக்கறது? நம்ம குழு, நம்ம பாட்டு.”

“முகம் வேணாம், வயசு வேணாம், நான் வேணாம். என் தொண்டை மட்டும் வேணும். அப்படித்தானே?”

“கத்தாத. வெளியாள் இருக்காங்க.”

கத்தாதே! பத்தொன்பது வருஷமாக அவள் கத்தியதில் குழு நடத்தியவன் சொல்கிறான். அவள் நேராகப் போய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். அந்த போல்டர் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு யாரும் காட்ட வேண்டியதில்லை. எண்ணிக்கை, குரல், காலையில் பதிந்த மூன்று பாட்டு, எல்லாவற்றையும் அழித்தாள். லேப்டாப்பின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். அண்ணன் கிட்டாரோடு ஓடிவந்தபோது திரையில் ஒன்றும் மிச்சமில்லை.

“காப்பி இருக்குல்ல?” என்றார் மேனேஜர்.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“சொல்லேன் அவருக்கு. ஒரு காப்பிகூட இருக்கக் கூடாதுன்னு யாரு சொன்னதுன்னு.”

“நாளைக்கு மேடை இருக்குடி! நான் என்ன பண்ணுவேன்?”

“வாசி. அதுக்குத்தானே மேடை?”

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். “இந்தப் பொண்ணு மேல போக மாட்டாளே!”

“என்னை யாரும் பாடிக் காட்டச் சொல்லவே இல்லையே” என்றாள் புதுப் பாடகி. யாரும் கேட்காமலேயே, மைக் இல்லாமல், இரண்டாவது சரணத்தின் உச்சியை எடுத்துப் பாடினாள். சுத்தமாகப் போய் நின்றது. அடி வயிற்றிலிருந்து வந்த குரல்.

அந்தப் பெண் நன்றாகத்தான் பாடினாள். அதற்கும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. இப்படிப் பாடுகிறவளையா வாயை அசைக்கச் சொன்னார்கள்? தன் இடத்துக்கு வந்தவள் இவ்வளவு நன்றாகப் பாட வேண்டுமா? எது அதிகம் சுட்டது என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“இனிமே வாய அசைக்கச் சொன்னா எந்திரிச்சுப் போயிடு” என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த டிரம்ஸ்காரர் பரிதாபமாக எல்லோரையும் பார்த்தார். பிறகு குச்சிகளைத் தட்டித் தானே எண்ணினார். பாட்டு தொடங்கியது. அவள் கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றாள். முதல் சரணம் தாண்டியது, இரண்டாவதும் தாண்டியது. அண்ணனின் விரல் கம்பி மேல் தயங்கி நின்றது. டிரம்ஸ் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

“ஏம்மா” என்று அவள் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டான். சின்ன வயசில் இருட்டில் கூப்பிடுகிற அதே குரல். “இங்க எத்தனைம்மா? எத்தனைக்கு அப்புறம் நான் வரணும்?”

எட்டு. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒன்பது வருஷப் பழக்கம்.

பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். கதவைத் திறந்து வெளியே வந்து, இழுத்துச் சாத்தினாள்.