கடலை எண்ணெயில் செம்பு

“விழிஞ்ஞம் கடல்ல ஒரு குண்டூசியைக் கரைச்சு விடுங்க. எந்த அலையில இரும்பு இருக்குன்னு என் நாக்கு சொல்லிரும்!”

தங்கையன் இப்படி முழங்கியபோது பிரேமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கரமனையில் அவள் நடத்தும் செக்கின் கடலை எண்ணெயில் செம்பு அளவுக்கு மேல் பல மடங்கு இருப்பதாகப் பரிசோதனைக்கூடம் சொல்லிவிட்டது. மாலைக்குள் நல்ல அறிக்கை போகாவிட்டால் உரிமம் கிடையாது. நாளை முதல் செக்கு ஓடாது. துணைக்கு இருக்கட்டுமே என்று வாடிக்கைக்காரரான அவரை ஆய்வகத்துக்குக் கூட்டிவந்தால், அவர் கடலைக் குடிக்கிறார்!

ஆனால் ஆள் லேசுப்பட்டவரில்லை. முப்பது வருஷம் அரசு ஆய்வகத்தில் முந்திரியையும் எண்ணெயையும் எரித்து, அவற்றில் இருக்கும் உலோகங்களை அளந்து ஓய்வு பெற்றவர். அவர் எரித்த முந்திரியைக் குவித்தால் பொன்முடி மலை உயரம் வரும் என்பது அவர் கணக்கு. அரை அடி கூடவே வரும்.

“சும்மா பறையாதீங்க சாரே,” என்றாள் ஆய்வகப் பொறுப்பாளர் அஜிதா. “மெஷினைவிடவா உங்க நாக்கு?”

“மெஷின் என்னிக்காவது சோறு தின்னிருக்கா? பிரேமா, பையில மிச்ச எண்ணெய் இருக்குல்லா, எடு.”

ஒரு சொட்டு. கண்ணை மூடினார். மின்விசிறிகூட மரியாதைக்கு மெல்லச் சுற்றியது.

“செம்பு மட்டும் இல்ல. துத்தநாகமும் இருக்கு. பாத்தியா அஜிதா?”

“துத்தநாகம் யாரும் கேக்கல்ல. பாக்கல்ல.”

“கரைசல் மிச்சம் இருக்கும். மெஷின்ல செம்பு விளக்கை எடுத்துட்டுத் துத்தநாக விளக்கை மாட்டிப் பாரு. இல்லேன்னா நாக்கை அறுத்து உன் மேசையில வெச்சிட்டுப் போறேன்.”

“வேண்டாம். அதுக்குத் தனி ரிஜிஸ்டர் போடணும்,” என்று முணுமுணுத்தபடி அஜிதா உள்ளே போனாள்.

அவர் பிரேமா பக்கம் திரும்பினார். “செம்பும் துத்தநாகமும் சேர்ந்தா பித்தளை. எண்ணெயை எதுல வெச்சே?”

“சாமி முன்னாடி, பித்தளைத் தூக்குவாளியில.” ஒவ்வொரு லோடு கடலையிலும் முதல் எண்ணெய் உச்சிமாகாளி படத்துக்கு முன்னால்தான் போகும், அடுத்த லோடு வரும்வரை அங்கேயே இருக்கும். “பரிசோதனைன்னா நல்லதைத்தானே அண்ணாச்சி கொடுக்கணும்? அதான் சாமி எண்ணெயையே கொண்டு வந்தேன்.”

“எத்தனை நாள் இருந்துது?”

“ஒரு மாசம்.”

“ஒரு மாசமா! கெட்டுக் காறின எண்ணெய் பித்தளையை நக்கி நக்கித் தின்னிருக்கும்மா!”

கதவு திறந்தது. அஜிதாவின் முகத்தில் பழைய கேலி இல்லை. “துத்தநாகம்… எக்கச்சக்கம்.”

பிரேமா ஆட்டோவில் பறந்தாள். செக்கடியில் எவர்சில்வர் டிரம்மிலிருந்து புது பாட்டிலில் பிடித்து, சேலைத்தலைப்பில் மூடி, குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு வந்தாள். அமிலத்தில் எரித்து, கரைத்து, மெஷினில் ஏற்றும்போது மாலை நாலரை மணி ஆயிற்று. செம்பு பேருக்குத்தான் இருந்தது. அஜிதா கையெழுத்திட்ட தாளைப் பிரேமா இரண்டு முறை படித்துவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

அஜிதாவின் மேலதிகாரி போனில் வந்தார். கேட்காத துத்தநாகத்தை ஏன் பார்த்தாய் என்று கேட்டார் போலும்.

“ஒருத்தர் எண்ணெயை நாக்குல வெச்சுப் பாத்துட்டு, இருக்குன்னு சொன்னார் சார்,” என்றாள் அஜிதா. அந்தப் பக்கம் சிரிப்பு. அவள் தங்கையனை ஒருதரம் பார்த்தாள்.

“சிரிக்காதீங்க சார். நடந்ததுதான். நான் பக்கத்துல நின்னேன்.”